சம்மர் இன்டேக்: ஜனவரி 15 வரை உண்மையிலேயே நேரம் இருக்கிறதா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டீர்கள். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும் ப்ரொவிஷனல் சர்டிபிகேட்டும் கையில் இருக்கின்றன. கான்வொகேஷன் பட்டம் இன்னும் வரவில்லை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு நவம்பர் நடுவில். ஏ.பி.எஸ். வேலையை, அதாவது இந்தியச் சான்றிதழ்களை ஜெர்மனிக்காகச் சரிபார்க்கும் அலுவலகத்திடம் சான்று வாங்குவதை, இன்னும் தொடங்கவில்லை. இப்போது அக்டோபர். ஜெர்மனியில் ஏப்ரலில் தொடங்கும் சம்மர் செமஸ்டருக்கு ஜனவரி 15 வரை நேரம் இருக்கிறது, டிசம்பரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரியா, கூடவே சம்மரில் போட்டி குறைவு என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வரும் ஏப்ரலில் அங்கே வகுப்பில் உட்கார முடியுமா, அல்லது அக்டோபர் வரை காத்திருப்பதே நல்லதா? முடியும். ஆனால் டிசம்பரில் தொடங்கினால் ஏறக்குறைய முடியாது. இந்த வாரமே தொடங்கினால் வாய்ப்பு இருக்கிறது.

நான் ஜெர்மனியில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். விண்ணப்பங்கள் உள்ளே வந்த பிறகு என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தூதரகத்துக்குள் நான் இருந்ததில்லை. அதனால் விசா பற்றிச் சொல்பவற்றை, வந்து சேர்ந்த மாணவர்களிடமும் வந்து சேர முடியாமல் போனவர்களிடமும் கேட்டறிந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் உங்கள் மனதில் இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே விதிகள் படிப்புக்குப் படிப்பு மாறும் என்பதால், கீழே நான் சொல்லும் தேதி எதையும் அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

ஜனவரி 15 என்ற தேதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழகங்களில் விண்டர் செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, சம்மர் செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை. இடங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் படிப்புகளுக்கு, விண்டர் என்றால் ஜூலை 15, சம்மர் என்றால் ஜனவரி 15 என்பது நாடு முழுவதும் பழகிப்போன கடைசித் தேதி. உங்கள் நண்பர் சொல்வது அதைத்தான். ஆனால் மாஸ்டர்ஸ் படிப்புகளில், அதிலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு, பல துறைகள் தாங்களே இன்னும் முன்னதாக ஒரு தேதி வைத்திருக்கின்றன. சம்மருக்கு நவம்பர் இறுதியிலேயே கதவைச் சாத்திவிடும் படிப்புகள் உண்டு. தனியாகத் தகுதித் தேர்வோ நேர்காணலோ நடத்தும் துறைகள் பெரும்பாலும் இந்த வகை. வெளிநாட்டவர் விசா எடுத்து வந்து சேர அவகாசம் வேண்டும் என்பதற்காகவே இப்படி முன்னால் தள்ளுகிறார்கள். எனவே ஜனவரி 15 எல்லோருக்குமான தேதி இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது, அது நீங்கள் அனுப்பவேண்டிய தேதி இல்லை, அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய தேதி என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு பல்கலைக்கழகம் சான்றொப்பமிட்ட நகல்களைத் தபாலில் கேட்டால், தபால் முத்திரையில் இருக்கும் தேதியை வைத்து அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இணையத்தில் பதிவேற்றுவது என்றாலும் கடைசி நாள் என்பது ஜெர்மன் நேரப்படிதான். குளிர்காலத்தில் இந்திய நேரம் நாலரை மணி நேரம் முன்னே இருக்கும் என்பதால் உங்களுக்கு விடியற்காலை 4:30 வரை கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். தயவுசெய்து போடாதீர்கள். அந்தக் கடைசி இரவில் சர்வர் திணறுவது வழக்கம்.

தேதி தவறியவர்கள் எழுதும் மின்னஞ்சல்கள் எங்களுக்கு ஒவ்வொரு பருவமும் வரும். படிக்கவே கஷ்டமாக இருக்கும். நாங்கள் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்று பலருக்குக் கோபம். இடவரம்பு உள்ள படிப்புகளில் கடைசித் தேதி என்பது மாநில விதிமுறையில் எழுதப்பட்ட ஒன்று. ஒருவருக்கு ஒரு நாள் தளர்த்தினால், இடம் கிடைக்காத இன்னொருவர் நீதிமன்றம் போகலாம், போகவும் செய்கிறார்கள். அதனால் அலுவலகத்தில் இருப்பவருக்கு இரக்கம் இருந்தாலும் அதிகாரம் இல்லை. விண்ணப்பங்களை முதலில் நாங்கள் வடிவம் சார்ந்து மட்டுமே பார்ப்போம்: கேட்ட காகிதம் எல்லாம் இருக்கிறதா, நேரத்துக்கு வந்ததா. இதில் தேறியவை மட்டும்தான் பேராசிரியர்கள் இருக்கும் தேர்வுக் குழுவுக்குப் போகும். மொழிச் சான்றிதழ் ஒன்று குறைந்ததால், மிக நல்ல மதிப்பெண் உள்ள விண்ணப்பத்தைக் குழுவில் யாருமே திறந்துகூடப் பார்க்காமல் போவது சாதாரணமாக நடக்கும்.

அடுத்து யூனி அசிஸ்ட். ஏறக்குறைய 170 உயர்கல்வி நிறுவனங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு இது. பெர்லினில் இருக்கிறது. இடம் தருவதா இல்லையா என்று இவர்கள் முடிவு செய்வதில்லை. சரிபார்த்து, மதிப்பெண்ணை ஜெர்மன் முறைக்கு மாற்றி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். கட்டணம் ஒரு பருவத்தில் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கோப்பைக் கையில் எடுப்பார்கள். எடுத்தபின் நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்று கணக்கில் வையுங்கள். நேரடியாக யூனி அசிஸ்ட் வழியாகப் போகும் படிப்பு என்றால் இதில் பெரிய ஆபத்து இல்லை. கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் அவர்களிடம் போயிருந்தால் பொதுவாகப் போதும். ஆனால் சீக்கிரம் போட்டவருக்கு ஒரு நன்மை உண்டு. ஏதாவது குறைந்தால் அவர்கள் எழுதிக் கேட்பார்கள், தேதிக்குள் சரிசெய்ய உங்களுக்கு நேரம் இருக்கும். ஜனவரி 13 அன்று போட்டவருக்கு அது கிடையாது.

ஆபத்து வி.பி.டி. கேட்கும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அங்கே யூனி அசிஸ்ட் உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒரு முன்மதிப்பீட்டு ஆவணம் தரும். அதை வாங்கி, பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். ஜனவரி 15 என்பது இந்த இரண்டாவது படிக்கான தேதி. அப்படியானால் முதல் படிக்கு நவம்பர் கடைசிதான் உங்கள் தேதி. டிசம்பரில் போட்டால், நடுவில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வேறு வரும். அந்த இரண்டு வாரம் ஜெர்மன் அலுவலகங்களில் ஒரு காகிதம்கூட நகராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சம்மர் இன்டேக்குக்கு மட்டுமே உள்ள தொல்லை இது. விண்டருக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இப்படி நடுவில் ஒரு பள்ளம் விழுவதில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகக் கவலை ஏ.பி.எஸ். பற்றித்தான். இந்தியச் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று சரிபார்த்துத் தரும் இந்தச் சான்று, 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாயாக இருந்து வருகிறது, கட்டுமுன் ஏ.பி.எஸ். தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்குத்தானே, அட்மிஷன் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே அதைக் கேட்கின்றன. சில, ஏ.பி.எஸ்.க்கு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டு சான்றை அப்புறம் கேட்கின்றன. எந்தப் பக்கம் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சான்று வர வாரக்கணக்கில் ஆகும், நெரிசலான மாதங்களில் இன்னும் இழுக்கும். உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்திடம் ஏ.பி.எஸ். அலுவலகம் ஏதாவது கேட்டு எழுதினால், அந்தப் பதில் எவ்வளவு வேகமாக வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் செய்யவேண்டிய முதல் காரியம் ஏ.பி.எஸ். விண்ணப்பம். ஐ.இ.எல்.டி.எஸ். முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ப்ரொவிஷனல் சர்டிபிகேட் போதுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். படிப்பை முழுதாக முடித்துவிட்டீர்கள் என்று அதில் தெளிவாக இருந்து, எல்லா செமஸ்டர் மதிப்பெண்களும் கூடவே இருந்தால், விண்ணப்பக் கட்டத்தில் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். மூலப் பட்டத்தைச் சேரும்போதோ, முதல் செமஸ்டர் முடிவதற்குள்ளோ காட்டச் சொல்வார்கள். ஐ.இ.எல்.டி.எஸ். நவம்பர் நடுவில் என்பது பரவாயில்லை, கணினித் தேர்வு என்றால் முடிவு சில நாட்களில் வந்துவிடும். ஆனால் மதிப்பெண் குறைந்து இன்னொரு முறை எழுத நேர்ந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசித்து, டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு தேதி கிடைக்குமா என்று பாருங்கள்.

மதிப்பெண் மாற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் திருத்திய பவேரிய சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்று கூட்டினால் ஜெர்மன் மதிப்பெண். பத்துக்கு 8.0, தேர்ச்சி 5 என்றால் 2.2 வரும். அங்கே 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 வெறும் தேர்ச்சி. 2.5 கேட்கும் படிப்பு என்றால் இந்தக் கணக்கில் உங்களுக்கு 7.5 வேண்டும். தேர்ச்சி மதிப்பெண்ணை 4 என்று எடுப்பதா 5 என்று எடுப்பதா என்பதில் விடை மாறும் என்பதால், எல்லைக்கோட்டில் இருந்தால் யூனி அசிஸ்ட் தரும் எண்தான் முடிவானது. இந்தக் கணக்கை இன்றே போட்டால், நிச்சயம் கிடைக்காத படிப்புகளுக்குப் பணமும் நேரமும் செலவழிக்காமல் தப்பிக்கலாம்.

சரி, எல்லாம் நேரத்துக்குப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகுதான் சம்மர் இன்டேக்கின் உண்மையான நெருக்கடி. அட்மிஷன் லெட்டர் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பல்கலைக்கழகங்களில் வகுப்பு ஏப்ரல் நடுவில் தொடங்கும். ஹோக்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில் செமஸ்டரே மார்ச்சில் தொடங்கிவிடும், வகுப்பு மார்ச் நடுவில். விசாவுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 6 முதல் 12 வாரம் என்று நினைத்துத் திட்டமிடுவதுதான் பாதுகாப்பு. பிப்ரவரி 20 அன்று கடிதம் வந்து, மறுநாளே விண்ணப்பித்து, 8 வாரத்தில் விசா கிடைத்தால் ஏப்ரல் 18. பல்கலைக்கழகத்துக்கு அது ஏறக்குறைய சரியாக இருக்கும். ஹோக்ஷூலே என்றால் ஒரு மாத வகுப்பு போயிருக்கும். மெக்கானிக்கலுக்கு ஹோக்ஷூலேக்களில் மிக நல்ல படிப்புகள் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. சம்மருக்கு மட்டும், அங்கே கடிதம் எப்போது தருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அந்த 8 வாரத்தைக் குறைக்க உங்களால் முடிந்தது, கடிதத்துக்கு முன்பே மற்ற எல்லாவற்றையும் தயாராக வைப்பது. 2024 செப்டம்பர் முதல் ப்ளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடியும்படி பூட்டி வைத்த கணக்கில்) ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ காட்டவேண்டும், அதாவது மாதம் 992. வங்கிக் கடன் என்றால், அட்மிஷன் லெட்டர் இல்லாமல் எவ்வளவு தூரம் நகர்த்த முடியும் என்று வங்கியிடம் இப்போதே பேசுங்கள். இந்தப் பணம் திரட்டுவதில்தான் அதிகமானவர்கள் மார்ச் மாதத்தை இழக்கிறார்கள். மாணவர் விசா விண்ணப்பம் இப்போது ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணையதளம் வழியாகவே தொடங்குகிறது. அதன்பின் நேரில் ஒருமுறை போகவேண்டும். ஒரு மாற்றம் முக்கியம்: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மேல்முறையீடு எழுதும் வழக்கம் முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போடவேண்டும். இரண்டும் ஏப்ரலுக்குள் முடியாது. அதனால் முதல் விண்ணப்பமே குறையில்லாமல் இருக்க வேண்டும்.

விசா தாமதமானால் அட்மிஷனை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போடலாம் என்று கன்சல்டன்சிகள் எளிதாகச் சொல்கின்றன. ஜெர்மனியில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. கடிதம் அந்தப் பருவத்துக்கு மட்டும் செல்லும், தவறினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம். தாமதமாக வந்து சேர எந்தத் தேதி வரை அனுமதிப்பார்கள் என்று மட்டும் கேட்கலாம். அதற்குப் பல இடங்களில் இரண்டு மூன்று வாரம் வளைந்து கொடுப்பார்கள், கடிதம் வந்த உடனே கேட்டால்.

போட்டி குறைவா என்ற கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பங்கள் குறைவாக வரும், அது உண்மை. ஆனால் சம்மரில் திறந்திருக்கும் படிப்புகளும் குறைவு, சில இடங்களில் இடங்களும் குறைவு. தகுதி மதிப்பெண்ணை யாரும் தளர்த்துவதில்லை. எனவே சுலபம் என்று நம்பிப் போகாதீர்கள். விடுதி அறை விஷயத்தில் மட்டும் அக்டோபர் அளவுக்குத் தள்ளுமுள்ளு இருக்காது என்பது நான் கண்ட ஒரு வசதி.

போட்டியைவிட நீங்கள் யோசிக்கவேண்டியது பாடத்திட்டத்தின் வரிசையை. அநேகமாக எல்லா மாஸ்டர்ஸ் படிப்புகளும் விண்டரில் தொடங்குவதாக நினைத்தே கட்டப்பட்டவை. பல பாடங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்தப்படும். ஏப்ரலில் சேருபவர், மற்றவர்கள் இரண்டாவது செமஸ்டரில் படிக்கும் பாடங்களை முதலில் படிப்பார், அடிப்படைப் பாடங்கள் அக்டோபரில்தான் வரும். சில துறைகள் இதற்காகவே சம்மரில் சேருபவர்களுக்குத் தனிப் பாட அட்டவணை வைத்திருக்கின்றன. அப்படி ஒன்று இருந்தால் அந்தத் துறை சம்மர் மாணவர்களை உண்மையிலேயே எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். அட்டவணை இல்லாத இடத்தில், கன்டினியூவம் மெக்கானிக்ஸ் போன்ற அடிப்படைப் பாடத்தைப் படிக்காமலே அதன் மேல் நிற்கும் பாடத்தில் உட்காரவேண்டி வரலாம். முடியாதது இல்லை. ஆனால் புது நாடு, புது மொழி, அதோடு இதுவும் சேர்ந்தால் முதல் பரீட்சையிலேயே அடி விழும். நல்ல மாணவர்கள் இதனால் மனம் உடைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனியில் ஒரே பாடத்தில் குறிப்பிட்ட முறைக்கு மேல் தோற்றால் அந்தப் படிப்பையே தொடர முடியாது என்ற விதி இருப்பதால், இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு படிப்பின் மாட்யூல் கையேடும் இணையத்தில் கிடைக்கும். அதைத் திறந்து, எந்தப் பாடம் எந்தப் பருவத்தில், அதற்கு முன்தேவை என்ன என்று ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஜெர்மன் படிப்புகளைத் தொகுத்துத் தரும் ஹோக்ஷூல்கொம்பஸ் தளத்திலும், ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) பட்டியலிலும் சம்மரில் தொடங்கும் படிப்புகளை மட்டும் வடிகட்டி, மதிப்பெண் கணக்கும் பாட வரிசையும் ஒத்துவரும் நாலைந்தை மட்டும் எடுப்பேன். பதினைந்துக்குப் போட மாட்டேன். ஒவ்வொன்றின் ஒருங்கிணைப்பாளருக்கும் சுருக்கமாக எழுதுவேன்: சம்மரில் சேருபவர்களுக்குத் தனி அட்டவணை உண்டா, ஏ.பி.எஸ். சான்று பிறகு தரலாமா, அட்மிஷன் லெட்டர் வழக்கமாக எப்போது வரும், கடைசியாக எந்தத் தேதிக்குள் நேரில் சேரவேண்டும். இந்த நாலு கேள்விக்கும் பதில் அவர்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருந்தால் கேட்கவே வேண்டாம், அது அவர்களுக்கு எரிச்சல் தரும். வி.பி.டி. வேண்டிய இடங்களுக்கு நவம்பர் முடிவதற்குள் யூனி அசிஸ்டில் பணம் கட்டிவிடுவேன்.

டிசம்பர் நடுவில் ஏ.பி.எஸ். வரவில்லை, பின்னால் தரலாம் என்று சொன்ன இடமும் ஒன்றுகூட இல்லை என்றால், சம்மரை விட்டுவிட்டு அக்டோபருக்கான விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். அதுவும் தூரத்தில் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச் மாதமே கடைசித் தேதி வைத்திருக்கும் விண்டர் படிப்புகள் நிறைய உண்டு. இப்போது தயார் செய்யும் காகிதங்கள் எதுவும் வீண்போகாது, ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு வருடம் செல்லும். இடையில் கிடைக்கும் மாதங்களில் ஜெர்மன் மொழியை பி1 என்ற இடைநிலை வரை கொண்டுபோனால், படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் பகுதிநேர வேலைக்கும் பயிற்சிக்கும் அது நேரடியாக உதவும்.

இன்னும் ஒன்று, இதை எல்லோரிடமும் சொல்வேன். கன்சல்டன்சி வழியாகப் போவதாக இருந்தாலும் எல்லாத் தளங்களிலும் உங்கள் சொந்த மின்னஞ்சலில், நீங்கள் வைத்த கடவுச்சொல்லில் கணக்குத் தொடங்குங்கள். ஆவணம் குறைகிறது, பத்து நாளில் அனுப்பு என்று நாங்கள் எழுதும் கடிதம் அவர்கள் பெட்டியில் திறக்காமல் கிடந்தால், அதன் விளைவு உங்களுக்குத்தான். ஸ்பேம் பெட்டியையும் தினமும் பாருங்கள், குறிப்பாக ஜனவரியிலும் பிப்ரவரியிலும். பட்டியல் தயாரானதும் இங்கேயே எழுதுங்கள், எந்தப் படிப்புக்கு எந்தத் தேதி என்று சேர்ந்து பார்ப்போம்.